நாலு மணிக்கு எடுத்த போன்

போன் அடிக்கவில்லை.

'டொய்ங்... டொய்ங்... டொய்ங்...'

எங்கேஜ்டு.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அண்ணனுக்கு முதல் தடவை போன் போட்டேன். எங்கேஜ்டு. டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து போட்டேன். எங்கேஜ்டு. அதற்குப் பிறகு கை ஓய்ந்த போதெல்லாம் போட்டேன். அதே டொய்ங்.

ஆஸ்பத்திரி சுவிட்ச்போர்டில் எனக்கு வேலை. நாள் முழுக்கக் காதில் ஹெட்போன். மணி அடித்தும் யாரும் எடுக்காத லைன், அறுந்துபோன லைன், பேச்சில் இருக்கிற லைன். மூன்றுக்கும் மூன்று சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் எது எது என்று சொல்லிவிடுவேன்.

இது பேச்சில் இருக்கிற லைன்.

"யாருக்கு இத்தனை தடவை?" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.

"எங்க அண்ணனுக்கு. இன்டர்நெட்ல உட்கார்ந்திருப்பார். மோடம் போட்டா போன் கிடைக்காது."

"இந்தக் காலத்துலயுமா?"

"அவருக்கு அந்தக் காலம்தான் பிடிக்கும்."

வேலை முடிந்ததும் பஸ் ஏறினேன். இரண்டு பஸ் மாற வேண்டும். போன் கிடைக்காத நாட்களில் அப்படித்தான். அண்ணி காலமான பிறகு அந்த மாடி வீட்டில் அவர் மட்டும். ஊரின் இன்னொரு மூலையில், வாடகை அறையில் நான் மட்டும். எங்களுக்கு வேறு யாரும் கிடையாது.

மணி அடித்தேன். கதவு திறக்கவில்லை.

என்னிடம் சாவி இருந்தது.

உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் திரையில் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. அண்ணன் நாற்காலியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏண்ணா, காது கேக்கலையா?"

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன்.

"ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். திரும்பிக்கூட பார்க்க மாட்டியா?"

தோளைத் தொட்டேன்.

தலை மட்டும் திரும்பியது.

முதுகு வலிக்காக நாற்காலியில் அவர் வைத்துக்கொள்கிற சின்னத் தலையணை தரையில் கிடந்தது. அதன் நடுவில் ஒரு கறை. அவருடைய மூக்குக்கண்ணாடி மேஜைக்கு அடியில், ஒரு கால் ஒடிந்து.

மேஜை மேல் போன் இருந்தது. ரிசீவர் அதன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது.

நான் அதைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. படியில் இறங்கி ஓடினேன். கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். கத்தினேனா என்று ஞாபகம் இல்லை. கத்தினேன் என்று கீழ் வீட்டம்மா பிறகு சொன்னாள்.

*

இன்ஸ்பெக்டர் அண்மையில்தான் சிகரெட்டை விட்டவர் போலிருக்கிறது. வாயில் இருமல் மாத்திரையைப் புரட்டிக்கொண்டே பேசினார்.

"சாவி எத்தனை?"

"ரெண்டு. ஒண்ணு அண்ணன்கிட்ட, ஒண்ணு என்கிட்ட."

"அண்ணன் சாவி ஆணியில தொங்குது. கதவு?"

"சாத்தினா தானாப் பூட்டிக்கும்."

"அப்ப உள்ள வரணும்னா ஒண்ணு அவர் திறக்கணும். இல்ல நீங்க திறக்கணும்."

"ஆமா."

"நீங்க திறந்தப்ப மணி என்ன?"

"அஞ்சு அடிச்சிருக்கும்."

மாத்திரை வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்குப் போனது.

டாக்டர் வந்து பார்த்தார். தலையணையால் மூச்சை அடைத்திருக்கிறார்கள் என்றார். எப்போது என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார். "ஏசி ரூம் சார். உடம்பு சீக்கிரமே ஜில்லுன்னு ஆயிருக்கும். காலைலயா சாயங்காலமான்னு கூட நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

அப்போதுதான் 'பவர்' வந்தார்.

அண்ணனின் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டாளி அவர். வருகிறவர் முழிக்கிற முழியைப் பார்த்தே கண்ணின் பவரைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்வார். அதனால் அந்தப் பெயர். அண்ணன் இரண்டு வருடமாகக் கடைப் பக்கம் போவதில்லை. இவர்தான் பார்த்துக்கொள்கிறார். கடை மட்டும் அண்ணன் பெயரில்.

வாசலிலேயே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"தங்கச்சி... என்னம்மா இது... இப்பத்தானே பேசினேன்."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "எப்ப பேசினீங்க?"

"நாலு மணிக்கு சார். செல்லுல சார்ஜ் இல்ல. மருந்துக்கடை வாசல்ல காசு போன் இருக்கே, அதுலேர்ந்து."

"எடுத்தாரா?"

"எடுத்தாரே. ஒரு பிரேம் விஷயமா கேக்கணும்னு போட்டேன். 'நெட்ல ஒண்ணு பார்த்துட்டு இருக்கேன்யா, அப்புறம் பேசு'ன்னார். குரல் நல்லாத்தான் இருந்தது. அப்புறம்னு ஒண்ணு இல்லாமலே போயிடுச்சே சார்."

"அதுக்கப்புறம் நீங்க எங்க இருந்தீங்க?"

"கடையிலதான். ஒரு கல்யாண வீட்டுக் கூட்டமே வந்து உட்கார்ந்திருந்தது. இப்ப போன் வர்ற வரைக்கும் அவங்களுக்குத்தான் பிரேம் காட்டிட்டு இருந்தேன்."

நான் குறுக்கிட்டேன். "நாலு மணிக்கு எப்படி எடுத்திருப்பார்? மத்தியானத்துலேர்ந்து போன் எங்கேஜ்டு."

பவர் என்னைப் பார்த்தார். அவ்வளவு பரிவாக அவர் என்னைப் பார்த்ததே இல்லை.

"உனக்கு மனசு சரியில்லம்மா. எனக்குக் கிடைச்சுதே."

*

ஸ்டேஷனில் பெண் காவலர் ஒருத்தி டீ வாங்கிக் கொடுத்தாள். குடிக்க முடியவில்லை. எதிரில் இன்ஸ்பெக்டர்.

"உங்க அண்ணனுக்குப் புள்ளைகுட்டி?"

"இல்ல."

"வீடு, கடை... எல்லாம் யாருக்குப் போகும்?"

நான் டீ டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

"நானே சொல்றேன். உங்களுக்கு. நாலு மணிக்கு ஆள் உயிரோட போன்ல பேசியிருக்கார். அஞ்சு மணிக்கு நீங்க சாவி போட்டுத் திறக்கறீங்க. ஆள் இல்ல. நடுவுல யாரும் மாடி ஏறலைன்னு கீழ் வீட்டம்மா சொல்றாங்க. மூணு மணிக்கே தூங்கி எழுந்து, ஜன்னலோரம் தையல் மெஷின்ல உட்கார்ந்திருந்தாங்களாம்."

"அவர் நாலு மணிக்குப் பேசியிருக்க முடியாது சார். லைன் எங்கேஜ்டு. மோடம் போட்டிருந்தார். டயல்-அப் போட்டா வெளியேர்ந்து வர்ற கால் உள்ள போகாது."

இன்ஸ்பெக்டர் மாத்திரையைக் கடித்து உடைத்தார். நறுக்கென்று கேட்டது.

"இதைத்தான் எதிர்பார்த்துட்டு இருந்தேன்."

"எதை?"

"அந்த வீட்டுல பிராட்பேண்ட் இருக்கும்மா. புது மோடம், நாலு பச்சை லைட்டு, கண்ணை சிமிட்டிட்டு உட்கார்ந்திருக்கு. போட்டு ரெண்டு மாசமாச்சாம், உங்க பவரே சொன்னார். பிராட்பேண்ட் இருந்தா நெட்டும் ஓடும், போனும் அடிக்கும். என் வீட்லயும் அதான். என் பையன் நாள் முழுக்க நெட்ல கிடக்கறான், மாமியார் போன் ஒண்ணு கூடத் தவறுறதில்ல."

எனக்குக் காது அடைத்தது.

"ரெண்டு மாசமாவா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. மேஜையில புதுப் பெட்டி பார்த்தேன். பழைய மோடத்தை மாத்திட்டார்னு நெனச்சேன்."

"அதான் பழைய கதையையே சொல்றீங்க. புதுசா ஒண்ணு யோசிச்சு வைங்க. நாளைக்கு மத்தியானம் கோர்ட்ல நிறுத்தணும். அங்க போய் எங்கேஜ்டு எங்கேஜ்டுன்னா ஜட்ஜ் சிரிப்பார். அப்புறம் நீங்க எத்தனை வருஷம் உள்ள இருப்பீங்கன்னு எனக்கே தெரியாது."

அவர் எழுந்து போய்விட்டார். பெஞ்சில் நான். ஆறிப்போன டீ.

கோர்ட், ஜெயில் எதுவும் என் மனதில் ஏறவில்லை. வேறொன்று ஏறி உட்கார்ந்துகொண்டது.

பிராட்பேண்ட் இருந்தால் போன் எங்கேஜ் ஆகாது. ஆனால் இந்த இரண்டு மாதத்தில் எத்தனையோ மதியங்கள் அண்ணன் லைன் எங்கேஜ்டு. அப்படியானால் அவர் நெட்டில் இல்லை. பேசிக்கொண்டிருந்திருக்கிறார். மதியம் முழுக்க.

யாருடன்?

என்னிடம் சொல்லாத ஒருவருடன். என் போனை விட முக்கியமான ஒருவருடன்.

பிராட்பேண்ட் வந்ததைக்கூட அவர் என்னிடம் சொல்லவில்லை. அந்த மாடி வீட்டில் எனக்குத் தெரியாத ஒரு வாழ்க்கை நடந்திருக்கிறது. செத்த மனிதர் மேல் கோபப்பட முடியுமா? பட்டேன். அந்த பெஞ்சில் உட்கார்ந்து, அழுகைக்குப் பதிலாக, நன்றாகவே கோபப்பட்டேன்.

"சாப்பிட ஏதாவது வாங்கட்டுமா?" என்றாள் பெண் காவலர்.

"வேண்டாம்."

"வீட்டுக்கு யாருக்காவது சொல்லணுமா?"

யோசித்துப் பார்த்தேன். இந்த மாதிரி சமயத்தில் நான் கூப்பிடுகிற நம்பர் ஒன்றே ஒன்றுதான்.

"யாருமில்ல."

*

காலையில் என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். எப்படி வந்தேன், எங்கே நின்றேன், எதைத் தொட்டேன் என்று நடித்துக் காட்ட வேண்டுமாம்.

மாடிப்படி அடியில் கீழ் வீட்டம்மா நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரக்கமா, பயமா என்று சொல்ல முடியவில்லை.

"நேத்து ஏதாவது சத்தம் கேட்டுதாம்மா?" என்று இன்ஸ்பெக்டர் அவளிடம் மறுபடியும் ஆரம்பித்தார்.

"நேத்தே சொன்னேனே, ஒண்ணும் கேக்கலைன்னு. சண்டை இல்ல, சத்தம் இல்ல. அந்தப் பூனை சத்தம்தான்."

"பூனையா?"

"பூனைன்னா பூனை இல்ல. மேல அவர் ஏதோ பொட்டி வெச்சிருக்கார். தினம் சமையலுக்கு நடுவுல, பூனை வாலை மிதிச்ச மாதிரி கீய்ய்ய்னு கத்தும். அப்புறம் மழை பெய்யற மாதிரி உஸ்ஸுன்னு ஒரு சத்தம். அப்புறம் கப்சிப். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துட்டேன். 'அதுதாம்மா எனக்குப் பேச்சுத் துணை'ம்பார்."

நான் நின்றுவிட்டேன்.

"நேத்தும் கேட்டுதா?"

"கேட்டுதே. சாதம் வடிச்சிட்டு இருந்தேன்."

பூனை, மழை, கப்சிப். அந்த ராகம் எனக்கு மனப்பாடம். டயல்-அப் மோடம் லைன் பிடிக்கிறபோது போடுகிற கூச்சல்.

"சார், மேல போகலாம்."

"நான் சொல்லும்போது போகலாம்."

"சார், தயவுசெஞ்சு."

மேலே எல்லாம் நேற்று விட்டபடியே இருந்தது. எதையும் தொடக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்ததால் கம்ப்யூட்டரைக் கூட யாரும் அணைக்கவில்லை. மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. நாற்காலி மட்டும் காலி.

"இதோ பாருங்க" என்றார் இன்ஸ்பெக்டர். மேஜை ஓரத்துப் புது மோடத்தைக் காட்டினார். நாலு பச்சை விளக்கு. "பிராட்பேண்ட். உயிரோட இருக்கு. இதோ உங்க போன். ரிசீவர் அது இடத்துல இருக்கு. எப்படி எங்கேஜ் ஆகும்?"

"உங்க செல்லுல இருந்து இந்த நம்பருக்கு ஒரு தடவை அடிங்க."

"எதுக்கு?"

"அடிங்க சார். மணி அடிச்சுதுன்னா நான் பொய் சொல்றேன்னு வெச்சுக்கோங்க. கோர்ட் வரைக்கும் போக வேணாம். இங்கயே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். செல்லை எடுத்தார். நம்பரை அழுத்தினார்.

அறையில் நாங்கள் மூன்று பேர். நான், அவர், பெண் காவலர். மூன்று பேரும் மேஜை மேலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அது அடிக்கவில்லை.

அவர் செல்லிலிருந்து மெலிதாக வந்தது...

'டொய்ங்... டொய்ங்... டொய்ங்...'

வாயில் மாத்திரை அசையவில்லை.

மறுபடியும் அடித்தார். மறுபடியும் டொய்ங். குனிந்து ரிசீவரைப் பார்த்தார். அது ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது.

"யாருமில்லாத வீட்டுல யாரு பேசிட்டு இருக்கா?" என்றாள் பெண் காவலர், சற்றே பின்வாங்கி.

நான் மேஜைக்குப் பின்னால் குனிந்தேன். சுவரிலிருந்து வந்த போன் ஒயர் ஒரு சின்ன டப்பாவில் நுழைந்து இரண்டாகப் பிரிந்தது. ஒன்று புது மோடத்துக்கு. இன்னொன்று நேரே போனுக்குப் போகவில்லை. கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய், அங்கே துணி போட்டு மூடியிருந்த ஒரு பெட்டிக்குள் நுழைந்து, அப்புறம்தான் போனுக்கு வந்தது.

துணியை விலக்கினேன்.

பழைய மோடம். பழுப்பேறிய உடம்பு. நெற்றியில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

"ஒரே கம்பியில ரெண்டு பாதை சார்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. "பிராட்பேண்ட் ஒரு பாதையில போகும். பேச்சு இன்னொண்ணுல. அதனாலதான் உங்க வீட்ல ரெண்டும் நடக்குது. ஆனா டயல்-அப் பேச்சுப் பாதையில போறது. பிராட்பேண்ட் இருக்கிற லைன்லயே டயல்-அப்பும் போட்டா, பிராட்பேண்ட் பாட்டுக்கு ஓடும். போன் மட்டும் எங்கேஜ்டாவே இருக்கும்."

"ரெண்டையும் சேர்த்தா? எந்தப் பைத்தியக்காரன் போடுவான்?"

"எங்க அண்ணன்."

அவர் கையுறையை மாட்டிக்கொண்டு மௌஸை அசைத்தார். மீன்கள் மறைந்தன. திரையின் மூலையில் சின்னதாக இரண்டு கம்ப்யூட்டர் படம். அதன் மேல் அம்புக்குறியை வைத்தார். ஒரு சிறு கட்டம் விரிந்தது. எவ்வளவு நேரமாக இணைப்பில் இருக்கிறது என்று அதில் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணினார்.

"நேத்து சாதம் வடிக்கிற நேரம்" என்றார் மெதுவாக. "அப்போ பிடிச்ச லைனு. இந்த நிமிஷம் வரைக்கும் ஒரு தடவை கூட அறுபடல."

"ஆமா சார்."

"அப்ப நாலு மணிக்கு..."

"நாலு மணிக்கு யாரு அடிச்சிருந்தாலும் எங்கேஜ்டுதான் கேட்டிருக்கும். எனக்குக் கேட்ட மாதிரி. இப்ப உங்களுக்குக் கேட்ட மாதிரி."

இன்ஸ்பெக்டர் பாக்கெட்டிலிருந்து இன்னொரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எனக்கும் ஒன்று நீட்டினார்.

*

பவர் கடையிலிருந்து நேராக வந்தார். சட்டைப் பையில் கண்ணாடி துடைக்கிற துணி எட்டிப் பார்த்தது.

"உங்க வாக்குமூலத்துல ஒரு சின்ன சந்தேகம்" என்றார் இன்ஸ்பெக்டர். "நாலு மணிக்குப் பேசினீங்களே, லைன் எப்படி இருந்தது? கரகரன்னு ஏதாவது?"

"இல்ல சார். பக்கத்துல உட்கார்ந்து பேசற மாதிரி இருந்தது."

"நெட்ல இருக்கேன்னு சொன்னார்?"

"ஆமா."

"நெட்ல இருந்துகிட்டே போன் எடுத்தாரா?"

பவர் சிரித்தார். விவரம் தெரியாத வாடிக்கையாளரிடம் சிரிக்கிற சிரிப்பு. "பிராட்பேண்ட் சார் அது. ரெண்டும் ஒண்ணா நடக்கும். பழைய டயல்-அப்ல மாடு மாதிரி இழுத்துட்டு இருந்தார். நான்தான் வற்புறுத்திப் போட வெச்சேன். என் கையாலதான் எழுதிக் குடுத்தேன்."

"ரொம்ப நல்லது. இப்ப அதே நம்பருக்கு உங்க செல்லுலேர்ந்து ஒரு தடவை அடிங்க."

"எதுக்கு சார்?"

"சும்மா. பக்கத்துல உட்கார்ந்து பேசற மாதிரி இருக்கான்னு பார்ப்போம்."

அடித்தார். காதில் வைத்தார்.

அவர் கண்கள் மேஜை மேலிருந்த போனுக்குப் போயின. பச்சை விளக்குகளுக்குப் போயின. பிறகு மெல்ல, மெல்ல, துணி விலகிக் கிடந்த பழைய பெட்டிக்குப் போயின.

செல் பிடித்த கை கீழே இறங்கியது.

"அடப்பாவி" என்றார்.

பெட்டியின் சிவப்பு விளக்குகளையே பார்த்தார்.

"பிராட்பேண்டை வெச்சுகிட்டு எவன்யா டயல்-அப் போடுவான்?"

அதைக் கேட்டபோது அவர் குரலில் பயம் இல்லை. உண்மையான ஆற்றாமை இருந்தது. தொழில் தெரிந்தவன் ஏமாற்றப்பட்ட மாதிரி.

"எப்ப வந்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலியில் உட்காரவில்லை. அந்த நாற்காலியில் அவரால் உட்கார முடியாது.

"மத்தியானம், சாப்பாட்டுக்கு அப்புறம். கீழ் வீட்டம்மா தூங்கற நேரம்னு தெரியும். கடையை மூடப் போறேன்னார் சார். விக்கப் போறேன்னு கூட இல்ல, மூடப் போறேன்னார். 'போதும்யா, எல்லாரும் பார்த்தது போதும்'னார். எனக்கு அந்தக் கடையைத் தவிர வேற என்ன இருக்கு? இருபது வயசுல உள்ள நுழைஞ்சவன். கல்யாணம் இல்ல, காட்சி இல்ல. கெஞ்சினேன். அவர் திரையைப் பார்த்துட்டே இருந்தார். 'திரும்பி என்னைப் பார்த்துப் பேசுங்க'ன்னேன். பார்க்கவே இல்ல."

தலையணையைப் பற்றி அவர் சொல்லவில்லை. கேட்கவும் தேவைப்படவில்லை.

"அப்புறம் என் தலைல கட்டப் பார்த்தீங்க" என்றேன்.

நிமிர்ந்தார். "உன்மேல எனக்கு ஒரு கோபமும் இல்லம்மா. சாவி உன்கிட்ட இருந்தது. அவ்வளவுதான். நீ உள்ள போயிட்டா கடையைக் கேக்க ஆள் இல்ல."

என்னை எப்போதும் போல அம்மா என்றுதான் கூப்பிட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜீப்பில் ஏறும்போதும் அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். "டயல்-அப்... டயல்-அப்..." என்று.

இன்ஸ்பெக்டர் கடைசியாக இறங்கினார். படியில் நின்று திரும்பினார்.

"எனக்கும் அந்தக் கேள்விதான்மா. கேஸ் முடிஞ்சுது, ஆனா அது முடியல. உங்க அண்ணன் எதுக்கு ரெண்டையும் போட்டு வெச்சார்? அந்த டயல்-அப்ல ஒண்ணும் பார்க்கவே இல்லையாம். எல்லாம் பிராட்பேண்ட்லதான் போயிருக்கு. பழைய பொட்டி சும்மா லைனைப் பிடிச்சுகிட்டு உட்கார்ந்திருக்கு. அறுந்து போகாம இருக்க அப்பப்ப மெயில் இருக்கான்னு மட்டும் கேட்டுகிட்டு."

"தெரியல சார்."

"யாரோட போனையோ தவிர்க்கறதுக்காக இருக்குமோ?"

"இருக்கலாம்."

அவருக்கு மதியம் போன் செய்கிற ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

*

அடுத்த மாதம் டெலிபோன் ஆபீசுக்குப் போனேன். லைனைத் துண்டிக்க வேண்டும்.

கவுன்டரில் இருந்த அம்மாளுக்கு என் வயது இருக்கும். நம்பரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"வாளி சாரா? நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"தங்கச்சி. வாளி சார்னா?"

"அது நான் வெச்ச பேரு. பிராட்பேண்ட் போட்ட புதுசுல டயல்-அப் அடிக்கடி அறுந்து போகுதுன்னு புகார் குடுத்தார். 'பிராட்பேண்ட் வந்தப்புறம் டயல்-அப் எதுக்கு சார்? மோட்டார் போட்ட கிணத்துல வாளி விட்டு இறைக்கிறீங்களே'ன்னேன். 'வாளிதாம்மா சத்தம் போடும்'னார். அப்புறம் ரெண்டும் முட்டிக்காம இருக்க ஒரு பில்டர் டப்பா குடுத்து அனுப்பினேன். எப்படி இருக்கார்?"

சொன்னேன்.

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். பக்கத்து கவுன்டரில் யாரோ பில்லைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நான் அவரைக் கிண்டல் பண்ணிட்டே இருப்பேன்" என்றாள். "ஒரு நாள் கேட்டுட்டேன். லைனை அடைச்சு வெச்சா உங்களுக்கு போன் பண்றவங்க என்ன சார் பண்ணுவாங்கன்னு."

"என்ன சொன்னார்?"

"அவருக்குப் பண்றது தங்கச்சி ஒருத்திதானாம். 'போன் கிடைச்சுதுன்னு வெச்சுக்கோ, சாப்பிட்டியா, மாத்திரை போட்டியான்னு ரெண்டு கேள்வி கேட்டுட்டு வெச்சிடுவா. கிடைக்கலைன்னா ரெண்டு பஸ் மாறி வந்து நிப்பா'ன்னார். பிராட்பேண்ட் போட்டு முதல் ரெண்டு வாரம் போன் ஒழுங்கா கிடைச்சுதாம். அந்த ரெண்டு வாரமும் நீங்க வரவே இல்லையாம்."

கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அதனால வாளியே போதும்னார்."

அவள் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் குடித்து முடிக்கும் வரை கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஒரு சிக்கல்ங்க. தப்பா எடுத்துக்காதீங்க. லைனைத் துண்டிக்கணும்னா சந்தாதாரர் நேர்ல வரணும்னு இதுல இருக்கு. வந்தாரான்னு கேக்குது. ஆமான்னு போடாம அடுத்த பக்கம் போக மாட்டேங்குது."

"அவர் வர மாட்டார்மா" என்றேன். "நேர்ல போய்ப் பார்க்கறது எங்க வீட்டுல எப்பவும் என் வேலை. என்ன, இந்தத் தடவை பஸ் வரக் கொஞ்ச வருஷம் ஆகும்."